ஆறு டிக்கெட், நூறு டிகிரி: அக்கா மகளின் கிராஜுவேஷன்

ஜூன் 21, 2025, சனி

வர்ஜீனியாவிலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் எடிசன் ஊருக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. அக்கா வீட்டில் பேச்சு முழுக்க டிக்கெட்தான். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் விழா செவ்வாய் மாலை பள்ளி ஃபுட்பால் மைதானத்தில் நடந்தால் ஒரு பிள்ளைக்கு ஆறு பேர் போகலாம், மழை கிழை என்று ஜிம்முக்குள் மாற்றினால் இரண்டே பேர். இரண்டென்றால் அக்காவும் அத்தானும்தான், ஆனால் இதற்காகவே மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? "நான் வேணா கார்ல இருக்கேன்" என்றார் அத்தான். அக்கா அதற்குப் பதிலே சொல்லவில்லை. போனைப் பார்த்தால் மழை இல்லை, வெயில்தான், அதுவும் செவ்வாய்க்கிழமை நூறு ஃபாரன்ஹீட்டாம்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா பேத்தியிடம் மார்க் கேட்டாள்.

"4.4, அம்மாச்சி."

"எத்தனைக்கு?"

"நாலுக்கு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி மாதிரி கடினமான பாடம் எடுத்தால் கூடுதலாகப் போட்டுக் கணக்கிடுவார்கள் என்று விளக்கினேன், நம்பின மாதிரி தெரியவில்லை. நம் ஊரில் மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மார்க்‌ஷீட், டிசி, கவுன்சலிங் என்று ஓட்டம்தான், விழா எங்கே? இங்கே எந்தக் கல்லூரி என்பது மே மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது, அதனால் விழாவுக்கு வரும்போது யார் முகத்திலும் பதற்றம் இல்லை. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

இங்கிருந்து வடக்கே பேட்டர்சனில் இன்று ஹின்ச்லிஃப் ஸ்டேடியத்தில் இப்படி ஒரு விழா. 1932-இல் கட்டிய மைதானம் அது, கறுப்பினத்தவரின் பேஸ்பால் அணிகள் ஆடிய இடம், பாழாய்க் கிடந்ததைப் புதுப்பித்து 2023-இல் திறந்தார்கள். வெயில் தாங்காமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சை, 16 பேர் ஆஸ்பத்திரியில். அடுத்த விழாவைப் பாதியில் நிறுத்திவிட்டு மேயர் அவசர நிலையே அறிவித்துவிட்டார். "நாங்க பாக்காத வெயிலா" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா டிவியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். கருப்பு பாலியெஸ்டர் கவுன் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் மதுரைப் பிள்ளையும் மயங்கித்தான் விழும்.

ராத்திரி பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து மெயில். நாளை மாலை கிடையாது, புதன் காலை எட்டரைக்கு, அதே மைதானம். ஆறு டிக்கெட் பிழைத்தது.

ஜூன் 24, செவ்வாய்

வெளியே காலெடுத்து வைக்க முடியவில்லை. சட்டினி அரைத்தோம், கவுனை இஸ்திரி போட்டோம்.

ஜூன் 25, புதன்

ஏழரைக்கே வாசலில் வரிசை. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான் கொண்டுபோகலாம், குடை கூடாது. அம்மாவின் துணிப்பை காருக்குத் திரும்பிப் போனது, ஆனால் அதிலிருந்த துண்டை மட்டும் உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். அலுமினிய கேலரி அந்த நேரத்துக்கே சுட்டது, நாங்கள் நெளிந்துகொண்டிருக்க அவள் துண்டை நாலாக மடித்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் வரும்போது பேண்டில் எல்கார் என்ற ஆங்கிலேயர் 1901-இல் எழுதிய அணிவகுப்பு இசை. 1905-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது இதை வாசித்தார்களாம், அப்புறம் நாடு முழுக்க ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் வந்துகொண்டே இருந்ததால் ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள், சாமி தேரடி தாண்டும்வரை நாதஸ்வரக்காரர் நிறுத்தாமல் ஊதுவாரே, அப்படி.

பேச்சுகளை வெயிலுக்காகச் சுருக்கிவிட்டார்கள், நல்ல வேளை. எல்லாப் பெயரும் வாசித்து முடியும்வரை கைதட்டாதீர்கள் என்றார்கள், முதல் பெயருக்கே ஒரு குடும்பம் எழுந்து நின்று கத்தியது, அதோடு அந்த விதி போயிற்று. இந்தப் பக்கத்தில் குஜராத்திகள் அதிகம், பட்டேல்களே வந்துகொண்டிருந்தார்கள். நம் பிள்ளைக்குக் கடைசிப் பெயர் அத்தானின் பெயர், அது ஆங்கில 'வி' வரிசை, ஆகவே ஏறக்குறைய கடைசி. அதற்குள் அக்கா போனில் சார்ஜ் பதினொரு சதவீதம்.

பெயரைச் சரியாகவே வாசித்தார்கள், 'ழ' மட்டும் கொஞ்சம் வழுக்கியது. மேடையேறி, கைகுலுக்கி, இறங்கிவிட்டாள், மூன்று விநாடி இருக்கும். நான் எடுத்த வீடியோவில் முன்வரிசைக்காரரின் தொப்பிதான் இருக்கிறது. அத்தான் விசிலடித்தார்! இருபது வருடமாக அவரைத் தெரியும், விசிலடிப்பார் என்று தெரியாது. தொப்பிக் குஞ்சத்தை வலமிருந்து இடம் மாற்றச் சொன்னார்கள், மாற்றியதும் தொப்பிகள் பறந்தன.

வீட்டுக்கு வந்து அம்மா ஆசையாகச் சான்றிதழ் அட்டையைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டுச்சீட்டுதான். பாக்கி எதுவும் இல்லாதவர்கள் அலுவலகத்தில் அசலை வாங்கிக்கொள்ளலாமாம்.

ஜூன் 26, வியாழன்

பாக்கி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் எடுத்த நூலகப் புத்தகம் ஒன்றை இவள் திருப்பித் தரவே இல்லையாம். காலையிலிருந்து வீட்டையே கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறோம், அம்மா கட்டிலுக்கடியில் டார்ச் அடிக்கிறாள். அத்தான் மட்டும் ஆன்லைனில் அதன் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார், பதினெட்டு டாலர்.