ஆதாரில் பதினெட்டு, பள்ளிக்கூடத்தில் பதினாறு

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை, இரவு பதினொன்றரை மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணே, பயலைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறதாம்."

பயல் என்பது அவள் மகன், என் மருமகன். பெயர் சொல்ல மாட்டேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி சொல்லவும் கூடாது. மதுரையில் வைகைக் கரையோரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாகனச் சோதனையில் அவன் ஓட்டிவந்த பைக் திருட்டு வண்டி என்று தெரிந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு இருபத்து நான்கு வயது. வண்டியைத் திருடியவன் அவன்தான். "நீ சின்னப் பையன், உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சொல்லியே இவனை ஓட்ட வைத்திருக்கிறான். பிள்ளைகளைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அதே சட்டத்தின் 83ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்று பிறகு வழக்கறிஞர் சொன்னார். அன்றிரவே தெரிந்திருந்தால் நிலையத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருப்பேன்.

நான் போவதற்குள் ரைட்டர் வயதுக் கட்டத்தில் 18 என்று எழுதி முடித்திருந்தார். ஆதாரில் 01.01.2007 என்று இருக்கிறது. முகாமில் அட்டை எடுத்த அன்று தங்கைக்குத் தேதி நினைவில்லை. கணினி முன் இருந்தவர் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டார். பையன் பிறந்தது 2009 மார்ச். பதினாறு முடிந்து எட்டு மாதம். "அட்டையில் இருப்பதைத்தான் எழுத முடியும். வேறு காகிதம் இருந்தால் கொண்டு வாருங்கள். நாளை சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போய்விடுவோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சல். பையன் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்தால் டீக்கடையோரம் ஒருவர் மெதுவாக நெருங்கி, எட்டாயிரம் கொடுத்தால் வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னார். உண்மையான வயதை நிரூபிக்கப் பொய்ச் சான்றிதழ்! கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

உருப்படியாக நடந்தது குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைத்ததுதான். எடுத்த பெண் பதற்றமில்லாமல் சொன்னார்: பதினெட்டுக்குக் கீழ் என்றால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், குழுமம் கூடாத நாளில் அதன் ஓர் உறுப்பினர் முன்னால் நிறுத்தினாலும் போதும், வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால் மாநகராட்சியோ ஊராட்சியோ தரும் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அதே சட்டத்தின் பிரிவு 94. ஆதார் அந்த வரிசையிலேயே கிடையாது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் பிரிவு எண்ணைச் சொன்ன பிறகுதான் எனக்கு நாற்காலி கிடைத்தது.

பையன் பத்தாவதைப் பாதியில் விட்டவன்; அந்தச் சான்றிதழ் இல்லை. பிறப்புச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. பெயர்க் கட்டம் காலி, பாலினம் ஆண். எந்த ஆண்? ஊராருக்கு நகல் எடுத்துக் கொடுத்தே பிழைக்கிற ஜெராக்ஸ் கடைக்காரன் நான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். கிளார்க் பத்தரைக்கு வந்தார். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். அவசரத்தைச் சொன்னேன். அப்படியானால் விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்து வேண்டும் என்றார். தங்கையை ஆட்டோவில் வரவழைத்தேன். வந்ததும், "பையனும் கையெழுத்துப் போட வேண்டுமே" என்றார். அவன் இருக்கும் இடத்தை வைத்துக்கொண்டுதான் சார் இந்தக் காகிதமே வேண்டும் என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

காப்பாற்றியவர் விளையாட்டு ஆசிரியர். எங்கள் சத்தம் கேட்டு வந்தவர், பெயரைக் கேட்டதும், "கபடியில் ரைடு போவானே, அவனா?" என்றார். அவரே பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். 12.03.2009. பொறுப்பில் இருந்த ஆசிரியையிடம் கையெழுத்தும் வாங்கித் தந்தார். நிலையம் வரை போன பிறகுதான் முத்திரை இல்லாததைக் கவனித்தோம். மறுபடியும் பள்ளிக்கூடம், மறுபடியும் ஆட்டோ. கையெழுத்து வாங்கினால் நகராதீர்கள், முத்திரையைப் பார்த்த பிறகு நகருங்கள். நான்கு மணிக்கு ரைட்டர் 18ஐ அடித்து 16 என்று எழுதினார். அந்தக் கோட்டைப் பார்த்தபோது வந்த நிம்மதி எனக்கு வேறு எதற்கும் வந்ததில்லை.

அன்று மாலை உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தினார்கள், மூன்று இரவு விசாரணைக் காலத்தில் சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம், திங்கட்கிழமை ஜாமீன். வழக்கறிஞர் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாகக் கிடைத்தார். 15100க்கு அழைத்தால் வழி சொல்கிறார்கள்.

பிறகு நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் குழுமம் முடிவெடுக்கும் என்பதால் தங்கை வீட்டைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. எப்போது படிப்பை நிறுத்தினான், அப்பா இறந்த பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தானா, பட்டறையில் வேலை முடிந்தால் எங்கே போவான், பைக்குக்கும் பிரியாணிக்கும் பணம் கொடுத்தது யார் என்று கேட்டார். "இவன் சகவாசம் மாறியது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆடி மாதம் எங்கள் முக்கில் ஒரு காதணி விழா பிளக்ஸ் வைத்தார்கள். அடியில் வரிசையாக முகங்கள். அதில் தபால்தலை அளவுக்கு இவன் முகம், கூலிங்கிளாஸ் போட்டு. மேலே பெரிதாக இருந்தவர்களில் ஒருவன்தான் அந்த இருபத்து நான்கு. நான் கோபப்படவில்லை. போனில் படம் எடுத்துத் தங்கையிடம் காட்டி, "உன் மகன் பெரிய ஆள் ஆகிவிட்டான்" என்று சிரித்தேன். படிப்பை விட்ட பிறகு அவன் முகத்தைப் பெரிதாக எண்ணி ஓர் இடத்தில் ஒட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். இதை அலுவலரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

விசாரணை இன்னும் நடக்கிறது. பையன் மாலையில் என் கடையில் இருக்கிறான். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதப் படிவம் வாங்கியாயிற்று. விளையாட்டு ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குக் கூப்பிடுகிறார். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் போனான்.

பள்ளிச் சான்றிதழில் முப்பது நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். புதன்கிழமை மூன்றாவது முறை. அதன் பிறகுதான் ஆதார்.