யார்க்டவுனில் ஒரு கடலூர்க்காரி

வர்ஜீனியாவின் யார்க்டவுனுக்கு அருகில் நாங்கள் குடியேறியபோது என்னிடம் இருந்தது வேலை பார்க்க அனுமதியில்லாத துணைவர் விசா. கணவர் அலுவலகத்துக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, பகலை ஓட்டுவதற்காக அமெரிக்க விடுதலைப் போரின் முற்றுகைக் காலத்து மண்மேடுகளைச் சுற்றி நடப்பேன். கார் ஓட்டப் பழகியதும் ஜேம்ஸ்டவுனிலிருந்து யார்க்டவுன் வரை செல்லும் காலனியல் பார்க்வேயில்தான். தடம் பிரிக்கும் கோடே போடாத அந்தச் சாலையில், இடப்பக்கம் ஒதுங்கியே பழகிய எனக்கு முதல் வாரம் குலை நடுங்கியது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் நெல்சன் வீடு என்னும் பழைய வீட்டின் சுவரில் பதிந்திருந்த பீரங்கிக் குண்டைக் காட்டினார். முற்றுகையில் விழுந்த வடுவில் பிற்காலத்தில் வைத்துப் பூசியது அது என்றும் அவரே ஒப்புக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. 1690இல் எங்கள் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட குண்டு விழுந்த தொலைவு வரை இருந்த ஊர்களெல்லாம் அந்த விலையில் அடங்கின. குண்டு கிராமங்கள் எனப்பட்ட அவற்றுள் ஒன்றில் பிறந்தவள் நான்.

"போர் இங்கேதான் முடிந்தது," என்றார் பெரியவர். 1781 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை செசபீக் விரிகுடாவின் வாயை அடைத்துவிட, தப்ப வழியற்ற ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை அக்டோபர் 19 அன்று சரணடைந்தது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அமெரிக்கர்களுக்காகப் பிரிட்டனோடு மோதிய அதே பிரான்ஸ், மைசூரின் ஐதர் அலியோடும் பின்னர் அவர் மகன் திப்புவோடும் சேர்ந்து எங்கள் கரையிலும் போரிட்டுக்கொண்டிருந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் வசமிருந்த கடலூரை மீட்க 1783 ஜூன் 13 அன்று ஜெனரல் ஸ்டூவர்ட் நடத்திய தாக்குதலில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள். அவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் பலர். ஒரு வாரம் கழித்து, பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனின் 15 கப்பல்கள் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களைக் கடலூருக்கு எதிரே மறித்தன. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்கச் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலேறி எங்கள் கடலுக்கு வந்து சேர ஜூன் கடைசி ஆயிற்று. முடிந்துபோன போருக்கு அத்தனை உயிர்.

இதைச் சொன்னபோது பெரியவர் முதலில் நம்பவில்லை. மறுநாள் தம் வரைபடப் புத்தகத்தோடு வந்து, கடலூர் எங்கே என்று குறித்துக் காட்டச் சொன்னார். இந்த நாட்டில் என் ஊரை யாரேனும் விசாரித்தது அதுவே முதல் முறை.

காரன்வாலிஸ் உடல்நலமில்லை என்று காரணம் சொல்லிச் சரணடையும் சடங்குக்கே வரவில்லையாம்; அவருக்குப் பதில் அவருடைய துணைத் தளபதி ஓஹாராதான் வாளைக் கொண்டுவந்தார். இங்கே தோற்றவர் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1792இல் திப்புவிடமிருந்து பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் எழுதி வாங்கினார், திப்புவின் இரண்டு சிறு பிள்ளைகளைப் பிணையாகவும் பிடித்துக்கொண்டார். திண்டுக்கல்லும், சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலும் கம்பெனிக்குப் போனது அப்போதுதான். தோல்விக்கு இப்படியொரு பரிகாரம்! பள்ளிச் சுற்றுலாவில் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலையையும், பீடத்தில் அந்தப் பிள்ளைகள் ஒப்படைக்கப்படும் காட்சியையும் பார்த்திருக்கிறேன். யாரென்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

சிலையா, யாருக்கு, என்று பெரியவர் இரண்டு முறை கேட்டார்.