ட்ரிபிள் இ படித்துவிட்டு சிப் வேலைக்கு: மஞ்சூரிலிருந்து நான் போன வழி

"சிப் கம்பெனியெல்லாம் இ.சி.இ. பசங்களுக்குத்தான்." கல்லூரியில் நாலு வருஷமும் இதையே கேட்டேன். எனக்கு ஊர் நீலகிரியில் குந்தா பக்கம் மஞ்சூர். அப்பாவுக்குப் பவர் ஹவுஸில் வேலை, அதனால் ட்ரிபிள் இ தவிர வேறெதையும் வீட்டில் யோசிக்கவில்லை. இப்போது பெங்களூரில் பவர் மேனேஜ்மென்ட் சிப்களைச் சோதிக்கும் வேலிடேஷன் டீமில் இருக்கிறேன். எப்படிப் போனாய் என்று ஊர்ப்பக்கத் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லாரையும் போல நானும், சிப்புக்குள் இருக்கும் சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் மொழியான வெரிலாக்கில்தான் தொடங்கினேன். அதை ஓட்டிப் பார்க்கும் ஐகாரஸ் வெரிலாக், வரும் சிக்னலைப் படமாகக் காட்டும் ஜிடிகே வேவ் இரண்டும் இலவசம். ஆடி மழையில் டவர் போனாலும் லேப்டாப் சார்ஜ் இருக்கும்வரை ஓடும், மலையில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். வெரிஃபிகேஷன் (சிப் தயாராகும் முன்பே டிசைனில் பிழை தேடும் வேலை) பக்கம் போகிறவர்கள் அடுத்து அதற்கான சிஸ்டம் வெரிலாக், யுவிஎம் என்று போகலாம். ஆட்களை அதிகம் எடுப்பதும் அங்கேதான், போட்டியும் அங்கேதான்.

என் பாதையைத் திருப்பியது ஒரு வேலை விளம்பரம். பக் கன்வெர்ட்டர், எல்டிஓ (இரண்டும் வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்கள்), ஆசிலோஸ்கோப் (சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அட, இது நம் பவர் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர்! செல்போன் பேட்டரி தருவது நாலு வோல்ட்டுக்குப் பக்கம். உள்ளே இருக்கும் பிராசசருக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவே போதும். நடுவில் மாற்றித் தருவதும் ஒரு சிப்தான். அதைப் புரிந்துகொள்ள மூன்றாம் வருஷப் பாடமே பாதி தூரம் கொண்டுவிடும். மீதிக்கு, சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸில் சர்க்யூட் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

இன்டர்வியூவில் முதல் கேள்வி சுலபம்: பக் கன்வெர்ட்டரில் 12 வோல்ட்டை 3.3 ஆக்க டியூட்டி (ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு) எவ்வளவு? 27.5 சதவீதம். இதை யாரும் சொல்லிவிடுவார்கள். அடுத்ததில்தான் பிடித்தார்கள். லோடு சட்டென்று கூடினால் அவுட்புட் ஏன் சரிகிறது? இண்டக்டர் கரண்ட் ஒரே கணத்தில் தாவாது, அதுவரை கெப்பாசிட்டர்தான் கொடுத்தாக வேண்டும், அதன் உள் ரெசிஸ்டன்ஸான இஎஸ்ஆரில் விழும் வோல்டேஜ்தான் முதலில் தெரியும் என்று வரைந்து காட்டினேன். பிறகு ஒரு வேவ்ஃபார்மைக் காட்டி, ஸ்விட்ச் ஆகும் இடத்தில் தெரியும் இந்தத் துடிப்பு நிஜமா என்று கேட்டார்கள். ஆசிலோஸ்கோப் புரோபின் நீளமான கிரவுண்ட் வயரே பொய்த் துடிப்பைக் காட்டலாம், அதைக் கழற்றி, முனையிலேயே குட்டி ஸ்பிரிங் மாட்டி மறுபடி பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன். இது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, எங்கள் லேப் அண்ணன் காட்டித் தந்தது. அதற்குப் பிறகு பேச்சே சம்பளத்துக்குப் போய்விட்டது.

டிசைன் பிடிக்காதவர்களுக்குத் தொழிற்சாலைப் பக்கமும் வழி திறக்கிறது. டாடா எலக்ட்ரானிக்ஸ் தைவானின் பிஎஸ்எம்சியோடு சேர்ந்து குஜராத்தின் தோலேராவில் ஃபேப் (சிப் செய்யும் தொழிற்சாலை) கட்டுகிறது. மெமரி சிப் கம்பெனி மைக்ரானின் அசெம்பிளி, டெஸ்ட் ஆலை இருப்பது அதே மாநிலத்தின் சானந்தில். மோட்டார், வேக்கும் பம்ப், மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சி பார்த்துக்கொள்ள நம் ட்ரிபிள் இ ஆட்கள் வேண்டும். ஷிஃப்ட் வேலை, தூரமும் அதிகம், எனக்குச் சரிப்படாது. ஃபேபில் மஞ்சள் விளக்கில்தான் லித்தோகிராஃபி (ஒளியால் சிப்பின் வடிவத்தைப் பதிக்கும் வேலை) நடக்கும் என்று ஊட்டி இந்து நகர் பிலிம் பாக்டரியில் வேலை பார்த்த மாமாவிடம் சொன்னேன். "வெளிச்சம் பட்டா மாறுற பூச்சு, அதானே? எங்களுக்கு அந்த மஞ்சள் விளக்குகூடக் கிடையாதுடா, இருட்டுதான்" என்றார். நான் அரை மணி நேரம் விளக்கத் தயாராக வந்திருந்தேன்.

"பணம் கட்டு, வேலை உறுதி" என்கிற பயிற்சி மையங்களை நான் நம்புவதில்லை. ஐஐடிகளின் ஆன்லைன் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

கடைசியாக, காலையில் பெங்களூரில் இன்டர்வியூ என்றால் முந்தின நாள் மதியமே ஊட்டியில் பஸ் ஏறிவிடுங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். இடையில் விடுவது சில பஸ்களைத்தான், அதில் சீட் கிடைப்பது கஷ்டம்.