நீக்காமல் விட்ட ஸ்னாப்ஷாட்

அப்டேட் போடும் முன், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வி.எம்.மை (சர்வருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் மெய்நிகர் கணினி) ஸ்னாப்ஷாட் எடுக்க எல்லாரும் பழகிவிட்டோம். அதை நீக்கத்தான் மறந்துபோகிறது. அப்டேட் ஒழுங்காக முடிந்துவிடும், அப்ளிகேஷனும் ஓடும், அத்தோடு அதை விட்டுவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் டேட்டாபேஸ் சர்வர் அப்படியே உறைந்து நிற்கும். வி.எம். ஃபைல்கள் இருக்கும் டேட்டாஸ்டோரைத் திறந்து பார்த்தால் மீதி இடம் பூஜ்யம். வி.எம்.களை ஓட்டும் விஎம்வேர் சாஃப்ட்வேரில் இது எப்படி நடக்கிறது, நடந்துவிட்டால் எதில் முதலில் கை வைப்பது, எதைத் தொடவே கூடாது என்று பார்ப்போம்.

ஸ்னாப்ஷாட் என்றால் டிஸ்கின் நகல் ஒன்று எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. நகல் எதுவும் எடுக்கப்படுவதில்லை. அந்த நொடியோடு வி.எம்.மின் மூல டிஸ்க் ஃபைலில் (விஎம்டிகே) எழுதுவது நிறுத்தப்படும். பக்கத்திலேயே 000001 என்று எண் போட்ட டெல்டா ஃபைல் ஒன்று உருவாகும். அதன்பின் வி.எம். எழுதுவதெல்லாம் டெல்டாவில் விழும். படிக்கும்போது முதலில் டெல்டாவில் தேடும், அங்கே இல்லாத பிளாக்கை மட்டும் மூல ஃபைலிலிருந்து எடுக்கும். ஆகவே இன்றைய டேட்டா என்பது இரண்டு ஃபைலும் சேர்ந்ததுதான். ஒன்று கெட்டாலும் இன்றைய டேட்டா கையில் இல்லை. அதிலும் இரண்டும் வழக்கமாக ஒரே ஸ்டோரேஜில்தான் உட்கார்ந்திருக்கும். இதை பேக்கப் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

500 ஜிபி டிஸ்கின் டெல்டா 500 ஜிபியும் அதற்கு மேல் கொஞ்சமும் வரை வளரலாம். ஃபைல் சர்வரில் அது மெதுவாக நடக்கும். டேட்டாபேஸ் சர்வரில் அப்படியில்லை. ஞாயிறு இரவு இன்டெக்ஸ் ரீபில்ட் (தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டுவது) ஓடுகிறது என்று வையுங்கள். டேபிளில் ஒரு வரிசைகூடக் கூடியிருக்காது. ஆனால் 100 ஜிபி இன்டெக்ஸ் புதிதாக எழுதப்படும், அதோடு டிரான்ஸாக்ஷன் லாகும் எழுதப்படும், இவ்வளவும் டெல்டாவில் ஏறும். விண்டோஸுக்குள் டீஃப்ராக் ஓடினாலும் இதே கதைதான். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது மெமரியையும் சேர்க்கும் டிக்கை எடுக்காமல் விட்டால், 64 ஜிபி ரேம் உள்ள வி.எம்.முக்கு இன்னொரு 64 ஜிபி அங்கேயே போய்விடும்.

ஒரு சங்கிலியில் 32 ஸ்னாப்ஷாட் வரை எடுக்கலாம். ஆனால் இரண்டு மூன்றுக்கு மேல் போகாதீர்கள், ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் பரிந்துரை. டேட்டாபேஸ் சர்வருக்கு 72 மணி நேரமே அதிகம் என்பேன். அப்டேட் முடிந்து, மறுநாள் வேலை நேரத்தில் ஆட்கள் உபயோகித்துப் பார்த்ததும் அன்று மாலையே நீக்கிவிட வேண்டும்.

டேட்டாஸ்டோர் நிரம்பினால் எல்லா வி.எம்.மும் நிற்பதில்லை. திக் டிஸ்கில் (முழு இடத்தையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வது), ஸ்னாப்ஷாட் இல்லாமல் ஓடுபவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தின் டிஸ்கில் (எழுத எழுத இடம் பிடிப்பது) இருப்பவையும் ஸ்னாப்ஷாட் மேல் ஓடுபவையும்தான் அடுத்த பிளாக்குக்கு இடம் கேட்கும்போது நிற்கும். விஎம்வேரின் நிர்வாகத் திரையான விசென்டரில் ஒரு கேள்வி வரும்: இடமில்லை, மறுபடி முயலவா, ரத்து செய்யவா என்று. ரத்து என்பதை அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் வி.எம். அணைந்துவிடும். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு இடம் தேடுங்கள். நின்ற இடத்திலேயே அது காத்திருக்கும்.

பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களை அழிப்பது முதல் வழி. அணைத்து வைத்திருக்கும் டெஸ்ட் வி.எம்.களை வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்துவது இரண்டாவது. இரண்டும் போதாதபோது கைகொடுப்பது ஸ்வாப் ஃபைல். ஓடும் ஒவ்வொரு வி.எம்.முக்கும் விஎஸ்டபிள்யூபி என்ற ஃபைல் இருக்கும். வி.எம்.மின் ரேம் அளவிலிருந்து ரிசர்வேஷனை (அதற்கென்றே ஒதுக்கி வைத்த ரேம்) கழித்தால் வருவதே அதன் அளவு. அவசரமில்லாத 32 ஜிபி வி.எம். ஒன்றை முறையாக ஷட்டவுன் செய்தால், ரிசர்வேஷன் இல்லாத பட்சத்தில், 32 ஜிபி அங்கேயே கிடைத்துவிடும். திரும்ப ஆன் செய்ய அதே இடம் வேண்டும். முழு ரேமையும் ரிசர்வ் செய்துவிட்டு ஆன் செய்தால் அதுவும் தேவைப்படாது. ஹோஸ்டில் (வி.எம்.கள் ஓடும் நிஜ சர்வர்) அவ்வளவு மெமரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டாஸ்டோர் பிரவுசரைத் திறந்து பெரிதாகத் தெரியும் டெல்டா ஃபைலை மட்டும் கையால் அழிக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த நாளிலிருந்து இன்றுவரை எழுதிய எல்லாமே அதில்தான் இருக்கிறது. பேக்கப் இல்லையென்றால் அதை மீட்கப் பெரும்பாலும் வழியில்லை.

கொஞ்சம் இடம் கிடைத்ததும் கேள்விக்கு ‘மறுபடி முயல்’ கொடுங்கள், வி.எம். விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு ஸ்னாப்ஷாட் மேனேஜரில் போய் டெலீட் கொடுங்கள். டெலீட் என்றால் டேட்டா போய்விடுமோ என்று கை நடுங்கும். போகாது. டெல்டாவில் உள்ளது மூல ஃபைலில் சேர்க்கப்படுகிறது, அவ்வளவுதான். பழைய நிலைக்குத் திருப்புவது ரிவர்ட், அதைத்தான் தொடக்கூடாது. மூல டிஸ்க் திக்காக இருந்தால் சேர்ப்பதற்குப் புதிதாக இடம் அதிகம் வேண்டாம். தின்னாக இருந்தால் மூலம் வளர்ந்துகொண்டே போகும், டெல்டாவின் இடமோ சேர்ப்பு முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். மோசமான நிலையில் டெல்டாவின் அளவுக்கே காலி இடம் வேண்டியிருக்கும். இடம் இழுபறியாக இருந்தால் வி.எம்.மை அணைத்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

நூற்றுக்கணக்கான ஜிபி டெல்டா சேர்ந்து முடியப் பல மணி நேரம் பிடிக்கலாம். 99 சதவீதத்தில் போய் வெகுநேரம் நிற்கும். அது தொங்கிவிட்டதாக நினைத்து ஹோஸ்டை ரீபூட் செய்துவிடாதீர்கள். மூல ஃபைலின் மாற்ற நேரம் நகர்ந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். கடைசிக் கட்டத்தில் வி.எம். சில நொடிகள் நிற்கும். கிளஸ்டரில் இருக்கும் டேட்டாபேஸ் என்றால் அந்தச் சில நொடிக்கே ஃபெயிலோவர் (வேலை மாற்று சர்வருக்குப் போவது) ஆகிவிடலாம். ஆகவே இதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னாப்ஷாட் மேனேஜர் காலியாக இருக்கும், டேட்டாஸ்டோர் மட்டும் நிரம்பிக்கொண்டே போகும். இதுவும் அடிக்கடி நடப்பது. வி.எம். செட்டிங்கில் டிஸ்க் ஃபைலின் பெயரைப் பாருங்கள். பெயர் 000002 என்று முடிந்தால் அது இன்னும் டெல்டா மேல்தான் ஓடுகிறது. பெரும்பாலும் பேக்கப் சாஃப்ட்வேர்தான் காரணம். அது ஸ்னாப்ஷாட் எடுத்து, மூல டிஸ்கைத் தன் ப்ராக்ஸி வி.எம்.மில் மாட்டிப் படிக்கும். பாதியில் அறுந்தால் டிஸ்க் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும், ஃபைல் லாக் விடாது, சேர்ப்பும் நடக்காது. ப்ராக்ஸியிலிருந்து அந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு, மிச்ச டெல்டாக்களை மூலத்தில் சேர்க்கும் கன்சாலிடேட் கொடுங்கள். கழற்றும்போது ‘டேட்டாஸ்டோரிலிருந்தும் ஃபைலை அழி’ என்ற டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அழிவது ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் மூல டிஸ்க்.

டேட்டாபேஸில் ரிவர்ட் செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. இண்டிபெண்டன்ட் டிஸ்க் (ஸ்னாப்ஷாட்டில் சேராதபடி அமைத்தது), பிசிக்கல் ஆர்டிஎம் (ஸ்டோரேஜின் டிஸ்கை நேரடியாக வி.எம்.முக்குக் கொடுப்பது), வி.எம்.முக்குள்ளிருந்தே நெட்வொர்க் வழியாக இணைத்த ஐஸ்கஸி டிஸ்க் இவை எதுவும் ஸ்னாப்ஷாட்டில் சேராது. டேட்டா ஃபைல் ஒரு டிஸ்கிலும் லாக் இப்படிப்பட்ட டிஸ்கிலும் இருந்தால், ரிவர்ட் செய்ததும் டேட்டா நேற்றையதாகவும் லாக் இன்றையதாகவும் நிற்கும். போஸ்ட்கிரெஸ் ஆனாலும் எஸ்க்யூஎல் சர்வர் ஆனாலும் இதைத் தாங்காது. அப்டேட்டுக்கு முன் டேட்டாபேஸ் பேக்கப்பைத் தனியாக, வேறு ஸ்டோரேஜில் எடுத்தே தீரவேண்டும்.

டேட்டாஸ்டோர் 75 சதவீதத்தில் மஞ்சள், 85-ல் சிவப்பு அலாரம் விசென்டரில் முன்பே இருக்கிறது. ஸ்னாப்ஷாட் அளவுக்கான அலாரத்தை மட்டும் நீங்களே உருவாக்க வேண்டும், 20 ஜிபி என்று வைத்துத் தொடங்கலாம். வாரம் ஒருமுறை, விஎம்வேர் விவரங்களைப் பட்டியலிடும் ஆர்விடூல்ஸ் கருவியில் ஸ்னாப்ஷாட் பக்கத்தைப் பார்த்தால் எதுவும் தப்பாது.

பிராட்காம் 2023-ல் விஎம்வேரை வாங்கி, நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திய பிறகு, வி.எம்.களை ஓட்டும் இன்னொரு சாஃப்ட்வேரான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறியவர்கள் பலர். அங்கே எல்விஎம்-தின் ஸ்டோரேஜில் (எழுத எழுத பொதுப் பூலிலிருந்து இடம் எடுக்கும் லினக்ஸ் முறை) டேட்டா, எந்த பிளாக் எங்கே என்ற குறிப்பான மெட்டாடேட்டா இரண்டையும் கவனிக்க வேண்டும். எல்விஎஸ் கட்டளை இரண்டின் சதவீதத்தையும் தனித்தனியே காட்டும். மெட்டாடேட்டா 100-ஐத் தொட்டால் பூலையே ரிப்பேர் செய்யும் நிலை வந்துவிடும். தானாக வளரும் வசதி இருந்தாலும், அதன் வரம்பு எல்விஎம்மின் இயல்பான அமைப்பில் 100 என்றே இருக்கும், அதாவது அணைந்திருக்கும். அதை 80 என்று மாற்றுங்கள். வால்யூம் குரூப்பில் காலி இடம் விட்டிருந்தால்தான் அதுவும் வேலை செய்யும்.