முழங்கால் வலி இல்லாமல் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக்: எட்டு வாரம் செய்து பார்த்தது

நீச்சலில் ஃப்ரீஸ்டைல் பழகி இரண்டு வருடம் ஆகிறது, தவளை மாதிரி கால்களை மடக்கித் தள்ளி நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்தான் பிடிபடாமலே இருந்தது. சீக்கிரம் கற்றுவிடலாம் என்று முதல் நாளே கிக்போர்டை (கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) பிடித்துக்கொண்டு 25 மீட்டர் குளத்தில் 20 தடவை வெறும் கிக் மட்டும் அடித்தேன். மறுநாள் படி இறங்கும்போது வலது முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்று குத்தியது. பத்து நாள் ஓய்வு.

திரும்பப் போனபோது கோச் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முட்டியை ஏன் இவ்வளவு விரிக்கிறீங்க? பாதத்தை வெளியே திருப்புங்க, முட்டி இடுப்பு அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமா இருந்தா போதும்" என்றார். அப்போதுதான் புரிந்தது. முழங்கால் மடங்கி நீளும் மூட்டு, திருகுவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. பாதம் வெளியே திரும்ப வேண்டுமென்றால் தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குள் உள்பக்கமாகத் திரும்ப வேண்டும். அங்கே போதிய அசைவு இல்லாவிட்டால் மிச்சத் திருகலை முழங்காலின் உள்பக்கத் தசைநார்தான் தாங்கும்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டி இரண்டையும் ஒட்டி வைத்து, பாதங்களை மட்டும் வெளிப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். இடது பாதம் தாராளமாகப் போனது, வலது பாதம் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. வலி ஏன் வலதில் மட்டும் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து வலது கால் எவ்வளவு திரும்புகிறதோ அந்த அளவுக்கே இரண்டு கால் கிக்கையும் சுருக்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் மல்லாந்து மிதந்தபடிதான் கிக். கைகள் பக்கவாட்டில், முட்டி தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் குதிகாலை இழுப்பதற்குப் பதிலாகத் தொடையை மடக்குகிறோம் என்று அர்த்தம். குதிகால் பின்பக்கம் வர வேண்டும், பாதம் வெளியே திரும்ப வேண்டும், வளைத்துத் தள்ளிக் கால்களைச் சேர்க்க வேண்டும், அப்புறம் அப்படியே வழுக்கிப் போக வேண்டும். சரியாக அமைந்த கிக்கில் பாதத்தின் உள்விளிம்பிலும் கெண்டைக்காலின் உள்பக்கத்திலும் தண்ணீர் கனமாக மோதுவது தெரியும், அந்த உணர்வு ஒரு தடவை கிடைத்துவிட்டால் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை, அதையே தேடிப் போகலாம்.

மூன்றாவது வாரம் குப்புறத் திரும்பினேன். கிக்போர்டை விட்டுவிட்டேன், ஏனென்றால் அதைப் பிடித்துத் தலையைத் தூக்கியே வைத்தால் கழுத்தும் கீழ்முதுகும் வளைந்து இறுகுகின்றன. கைகளை முன்னால் நீட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, இரண்டு கிக்குக்கு ஒரு முறை மூச்சு.

அளவு விஷயத்தில் கறாராக இருந்தேன். மெதுவாக 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போய் உடம்பு சூடான பிறகுதான் கிக்; ஆரம்பத்தில் மொத்தமே 100 மீட்டர், அதையும் 25, 25ஆகப் பிரித்து. பாதம் திரும்ப மறுக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தொடையின் உள்தசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கடுத்தால் பயப்படவில்லை, ஓரிரு நாளில் போய்விடும். ஒரு முட்டியில் மட்டும், மூட்டுக்குள் கூர்மையாகக் குத்தினால் உடனே கரை ஏறிவிடுவேன். ஐந்தாவது வாரம் ஒரு தடவை அப்படி ஏறினேன், மூன்று நாள் கிக் இல்லாமல் ஃப்ரீஸ்டைல் மட்டும். பாதத்தின் அடியில் தசை பிடித்ததும் உண்டு. சுவரைப் பிடித்து நின்று கால்விரல்களை முழங்கால் பக்கம் இழுத்தால் விட்டுவிடுகிறது.

முதலில் 25 மீட்டர் கடக்க 23 கிக் ஆனது. இப்போது 15, ஒவ்வொன்றுக்குப் பிறகும் மனசுக்குள் இரண்டு எண்ணி வழுக்கியபடி. ஒரு நாளைக்கு 300 மீட்டர் வரை முட்டி சத்தமே இல்லை. அடுத்த வாரம் கையையும் சேர்க்கப் போகிறேன், முதலில் இரண்டு கிக்குக்கு ஒரு கை வீச்சு என்ற கணக்கில்.