ஃபோம் வைத்த லிம்பில் வளைவது எது?

எங்கள் பயிற்சித் திடலுக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் என் வில்லின் லிம்பை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் பூட்டும் வளையும் தகடுகளில் ஒன்றை, கையில் வாங்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள ஃபோம்னு சொன்னீங்களே அண்ணா, கல்லு மாதிரி இருக்கே" என்றார். அவர்மீது தவறில்லை. ஃபோம் என்றதும் மெத்தை நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நினைவிலிருந்துதான் "ஃபோம் வைத்த லிம்ப் நன்றாக வளையும், ஆகவே அம்பு வேகமாகப் போகும்" என்ற பேச்சும் பிறக்கிறது. அந்தப் பேச்சை நம்பியே, மரக் கைப்பிடியும் முன்னோக்கி வளைந்த நுனிகளும் கொண்ட என் 62 அங்குல ரீகர்வ் வில்லுக்கு, உள்ளே மேப்பிள் மரம் வைத்த லிம்புகள் நல்ல நிலையில் இருக்கும்போதே, ஃபோமும் கார்பனும் சேர்ந்த இன்னொரு ஜோடியை வாங்கினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி எய்து பழகிய பிறகு, அந்தப் பேச்சின் முற்பாதி தவறு என்றும், பிற்பாதி பெரும்பாலும் வேறொன்றுக்குச் சேர வேண்டிய புகழ் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நாணை இழுக்கும்போது லிம்பின் இரு முகங்களும் எதிரெதிரான விதத்தில் பாடுபடுகின்றன. இலக்கைப் பார்த்திருக்கும் முகம் நீட்டப்படுகிறது. எய்பவரைப் பார்த்திருக்கும் முகம் நசுக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே நீட்சியும் நசுக்கலும் இல்லாத ஒரு தளம் இருக்கிறது. ஆகவே வில்லில் சேரும் ஆற்றலின் பெரும்பகுதி, வெளியே ஒட்டப்பட்டிருக்கும் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைத் தோல்களில்தான் தங்குகிறது. நடு அடுக்கு அங்கே இருப்பது அந்த இரண்டு தோல்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் பிடித்து வைப்பதற்காக. ஒரு கட்டுத் தாளை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைப் பார்க்கலாம். அதே தாள்களைப் பசை தடவி ஒட்டிக் காயவைத்தால் கட்டு பலகையாகிவிடுகிறது. அந்த வழுக்கலைத் தடுப்பது நடு அடுக்கின் முதல் கடமை. வளையும்போது தோல்கள் உள்நோக்கி நெருக்குவதைத் தாங்குவது அடுத்த கடமை. மெத்தையில் இருக்கும் ஃபோமை அங்கே வைத்தால் முதல் இழுப்பிலேயே நசுங்கிப் போகும்.

லிம்புகளுக்குப் பொருத்தமான ஃபோம் வேறு இனம். சின்டாக்டிக் ஃபோம் என்ற வகையில், தூள் போலத் தெரியும் மிகச் சிறிய, உள்ளீடற்ற கண்ணாடி உருண்டைகளை எபாக்சி என்ற பிசினில் கலந்து இறுகவைக்கிறார்கள். பல கிலோமீட்டர் ஆழத்துக் கடலின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய ஆய்வுக் கருவிகளுக்கு மிதவையாகவும் இதே வகைப் பொருள்தான் பயன்படுகிறது. எனவே இளைஞரின் கட்டைவிரல் தோற்றதில் வியப்பில்லை. எடையைப் பற்றிய நம்பிக்கையும் இதே போன்றதுதான்: ஒரு கன சென்டிமீட்டர் மேப்பிள் ஏறக்குறைய 0.7 கிராம் இருக்கும். லிம்புக்கு வேண்டிய உறுதியுள்ள ஃபோமும் அதிலிருந்து வெகுதூரம் விலகிவிடுவதில்லை. இன்னும் இலேசான ஃபோம்கள் உண்டு, ஆனால் இலேசாக ஆக அவை வழுக்கலுக்கும் நசுக்கலுக்கும் இடம் கொடுக்கத் தொடங்குகின்றன.

வேகத்துக்கு வருவோம். அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் 1940களில் வில்லின் திறனைப் பற்றி எழுதியபோது 'மெய்நிகர் நிறை' என்ற கருத்தைப் பயன்படுத்தினார். நாணை விட்டதும் லிம்பும் நாணும் அம்போடு சேர்ந்து நகர்கின்றன. அந்த நகர்வு விழுங்கும் ஆற்றலை, அம்பின்மீது ஏற்றப்பட்ட ஒரு கூடுதல் சுமையாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் வழி. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுதும் இழுத்துப் பிடிக்க 40 பவுண்டு விசை வேண்டிய வில்லில் 50 ஜூல் ஆற்றல் சேர்கிறது, அம்பின் எடை 26 கிராம், மெய்நிகர் நிறை 8 கிராம் என்று கொண்டால், அம்பு நொடிக்கு 54.2 மீட்டர் வேகத்தில் கிளம்பும். புதிய லிம்ப் அந்த 8 கிராமை 7 ஆகக் குறைத்துவிட்டதாக வைத்துக்கொண்டால், வேகம் 55 மீட்டரைத் தொடுகிறது. கூடுவது ஒரு மீட்டர்கூட இல்லை. மரபு வில்லில் பலர் விரும்புவதுபோல 35 கிராம் எடையுள்ள கனத்த அம்பை வைத்தால், அந்த ஆதாயம் நொடிக்கு 0.6 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

அந்த ஒரு கிராமாவது ஃபோமால் குறைந்ததா என்று கேட்டால், அதற்கும் தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். லிம்பில் மிக வேகமாக நகர்வது நுனி. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், நுனியில் குறையும் சிறு எடை கைப்பிடியருகே குறையும் பெரிய எடையைவிட மதிப்புள்ளது. நுனி மெலிந்தால் வில் விரையும்; ஆனால் மெலிந்த நுனி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இங்கேதான் கார்பன் வருகிறது. ஒரே திசையில் இழை ஓடும் கார்பன் தகடு, அதே போன்ற கண்ணாடி இழைத் தகட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்புடையது, எடையும் குறைவு. இழைகளை 45 பாகைச் சாய்வில் அடுக்கிய கார்பன் துணி முறுக்கைத் தடுக்கிறது. சந்தையில் ஃபோம் பெரும்பாலும் கார்பனோடு சேர்ந்தே விற்கப்படுகிறது. மேப்பிளோ கண்ணாடி இழையோடு. இந்த இரண்டையும் ஒப்பிட்டு "ஃபோம் வேகமானது" என்பது இரண்டு மாற்றங்களைச் செய்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போடுவது. என் கணிப்பில் கார்பன் உழைத்த கூலியை ஃபோம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

இழுப்பின் மென்மையும் அவ்வாறே. கடைசி இரண்டு அங்குலத்தில் வில் திடீரென்று கனத்துச் சுவரில் முட்டுவதுபோல இருந்தால், அதற்குக் காரணம் நுனியில் நாணும் லிம்பும் சேரும் கோணம். வில்லின் நீளமும் நுனி வளைவின் ஆழமும் அதைத் தீர்மானிக்கின்றன. என் 62 அங்குல வில்லை 28 அங்குலம் இழுக்கும்போது, உள்ளே மேப்பிள் இருந்தாலும் ஃபோம் இருந்தாலும் அந்தக் கோணம் அதிகம் மாறுவதில்லை.

அப்படியானால் ஃபோம் எதற்கு? என் விடை: மாறாமைக்கு. லிம்பின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 6 மில்லிமீட்டர் தடிமன் 6.2 ஆனால் விறைப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடி, 40 பவுண்டாக இருக்க வேண்டிய வில் 44 ஆகிவிடும். இவ்வளவு நுணுக்கமாகச் சீவ வேண்டிய இடத்தில், வளையத்துக்கு வளையம் அடர்த்தி மாறும் மரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். ஃபோமுக்கு ஆண்டு வளையமும் இல்லை, முடிச்சும் இல்லை. ஈரத்தைக் குடித்து உப்புவதும் வெயிலில் வற்றுவதும் மரத்தின் குணம். ஃபோமில் அது மிகக் குறைவு.

இந்த மாறாமை யாருக்குத் தேவை என்பதைத் தொலைவு சொல்கிறது. நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அம்பு, காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 70 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 8 மீட்டர் சரிகிறது. வேகம் ஒரு விழுக்காடு மாறினால் சரிவு இரண்டு விழுக்காடு மாறும். அதாவது 16 சென்டிமீட்டர். ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 12.2 சென்டிமீட்டர்தான். அதே ஒரு விழுக்காடு 20 மீட்டரில் 1.3 சென்டிமீட்டர் மாற்றத்தையே தரும். என் விரல் நாணை விடும் விதத்தில் நாள்தோறும் வரும் பிழை அதைவிடப் பல மடங்கு பெரிது. கண்ணாடி இழைத் தோலும் எபாக்சியும் மேப்பிளை மூடியிருப்பதால், மழைக்காலத்திலும் என் கைத்தராசில் பிடிபடும் அளவுக்கு இழுவிசை மாறியதில்லை.

தொலைவும் மாறாமையும் சேர்ந்தே வரும் என்பதற்குக் கொரியாவின் பழைய கொம்பு வில்லான காக்குங் நல்ல சான்று. நடுவே மூங்கில், எய்பவர் பக்கம் எருமைக் கொம்பு, மறுபக்கம் தசைநார், ஒட்டுவதற்கு மீனின் காற்றுப்பையில் காய்ச்சிய பசை. தோலும் நடு அடுக்கும் என்ற இன்றைய அமைப்பு அப்படியே அதில் இருக்கிறது. ஈரம் அதன் பகை. ஆகவே மெல்லிய சூடு தரும் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். கொரிய மரபில் இலக்கு 145 மீட்டர் தொலைவில் நிற்கிறது. இன்று அங்கே பலர் அதே வடிவத்தில் செயற்கைப் பொருள்களால் ஆன வில்லை எய்வதற்கு விலை ஒரு காரணம் என்றால், மழைநாளிலும் அது அப்படியே இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

ஃபோமுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற துணிவில் ஒரு நண்பகல் லிம்புகளைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டேன். ஃபோமுக்கு என்ன ஆனதோ, தோல்களைப் பிடித்திருந்த பிசின் சூட்டில் இளகியிருக்க வேண்டும். மாலையில் நாணேற்றியபோது மேல் லிம்பின் நுனியில் நாண் பள்ளத்தின் நடுவே அமராமல் ஓரத்தில் ஒதுங்கி நின்றது; லிம்ப் முறுக்கிக்கொண்டிருந்தது. இப்போது மறுபடியும் மேப்பிளில்தான் எய்கிறேன். அம்பு கிளம்பும் கணத்தில் அது கைக்கு இதமாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்குக் கணக்கு எதுவும் என்னிடம் இல்லை. அந்த இளைஞரும் 30 பவுண்டு மேப்பிள் லிம்புகளை வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு டஜன் அம்பு சேர்த்துக்கொண்டார். அவற்றில் இரண்டை முதல் வாரத்திலேயே திடலின் புல்லுக்குள் தொலைத்துவிட்டார்.