சப்வூஃபர் உறுமுகிறதா? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில், பாட்டின் அடிநாதத்தை எழுப்பும் பெட்டியான சப்வூஃபரை என்னிடம் தூக்கி வருகிறவர்கள் பெரும்பாலும், “ஸ்பீக்கர் போயிருச்சுண்ணே, மாத்திருங்க” என்று தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். திருப்புளியை எடுப்பதற்கு முன், சத்தம் எப்படிப்பட்டது என்று நின்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாட்டு ஓடாதபோதும் இடைவிடாமல் உறுமினால், ஒலிக்கம்பியைச் சப்வூஃபரிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் உறுமல் நீடித்தால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள்ளேதான். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

கழற்றியதும் உறுமல் நின்றால், அது எர்த் லூப்பாக, அதாவது நில இணைப்பு இரண்டு வழிகளில் போய் வளையமாகிவிட்டதாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சப்வூஃபரோ ஏறத்தாழ 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கென்றே செய்யப்பட்டது. ஆகவே சிறிய ஸ்பீக்கர்களில் காதுக்கு எட்டாத அந்த அதிர்வு இதில் வீடு முழுக்கக் கேட்கிறது. கூரைமேல் இருக்கும் டிவி டிஷ்ஷிலிருந்து டிகோடர் பெட்டிக்கு வரும் கம்பியின் உறை ஒரு வழியிலும், மூன்று முனைப் பிளக்கின் எர்த் வேறொரு வழியிலும் நிலத்தோடு இணையும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஒலிக்கம்பியின் வழியே பாய்கிறது. டிஷ் கம்பியைக் கழற்றியதும் உறுமல் அடங்கினால் காரணம் அதுதான். ஒலிக்கம்பியின் நடுவே, ஒலியை மட்டும் கடத்தி இரு பக்க எர்த்தையும் பிரித்துவைக்கும் ஓர் ஐசொலேட்டரை இணைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மட்டமானதை வாங்கினால் அடிநாதமும் சேர்ந்து குறையும். பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடச் சொல்லித்தருகிறவர்கள் உண்டு. சத்தம் நிற்கும்தான், ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்படும் நாளில், பெட்டியைத் தொடும் பிள்ளையைக் காக்க எதுவும் இருக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாட்டின் அடிநாதத்தோடு சேர்ந்து கரகரத்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விரல்களைச் சமமாக விரித்துக் கூம்பை மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் ஒலி கேட்டால், கூம்பின் பின்னால் அசையும் கம்பிச்சுருளான ‘காயில்’ தட்டுகிறது. கூம்பைச் சுற்றியுள்ள நுரைப்பட்டையையும் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது மட்கி, ஒட்டும் கருந்தூளாக விரலோடு வரும். காயில் நன்றாக இருந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம்.

பழைய தோட்டத்துப் பலகை வீடுகளில் சடசடப்பது சப்வூஃபராகவே இல்லாமலும் இருக்கலாம். அதே பாட்டை ஓடவிட்டு, ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளிலும் அலமாரிக் கதவிலும் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள். எதைத் தொட்டதும் சத்தம் நிற்கிறதோ அதன் இடுக்கில் ஒரு துண்டு ரப்பரைச் செருகினால் போதும்.